உஷார்! ரவுட்டரின் அட்மின் பக்கம் திறந்து கிடக்கிறதா?

வீட்டு ரவுட்டர், அலுவலக ஃபயர்வால், கல்லூரியின் வைஃபை கன்ட்ரோலர், கடையின் கேமரா பெட்டி என்று எதை எடுத்தாலும், அதற்கு பிரௌசரில் திறக்கிற ஓர் அட்மின் பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் இணையத்தில் யாரும் எட்டும்படி திறந்து கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். முதலில் அதை மூடுங்கள். காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

காரணத்தின் பெயர் கமாண்ட் இன்ஜெக்‌ஷன். அட்மின் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு கட்டத்தில் எதிரி எழுதி அனுப்பும் சில எழுத்துகளை, உள்ளே ஓடும் லினக்ஸ் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றிவிடும். இந்தப் பிழை நமக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். தடுக்கும் வழியும் தெரிந்ததுதான். ஆனாலும் ஆண்டுதோறும் புதிய பெட்டிகளில் அது வந்துகொண்டே இருக்கிறது. வலையில் நுழைகிற, வெளியேறுகிற எல்லாத் தகவலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற பெட்டிகள் வழியாகத்தான் போகிறது. பெட்டி போனால் அதன் பின்னால் இருப்பவை எல்லாமே ஆபத்தில்தான்.

பிங் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது?

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ என்று ஒரு பகுதியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஐபி முகவரியைக் கொடுத்து ‘பிங்’ பொத்தானை அழுத்தினால், இணைப்பு வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்லும். பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறிய லினக்ஸ். அட்மின் பக்கத்தை எழுதியவர், நீங்கள் கொடுத்த முகவரியை ‘பிங்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அப்படியே ஒட்டி, முழு வரியையும் ஷெல்லிடம் கொடுத்துவிடுகிறார். ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற நிரல். அதற்குச் சில குறிகள் விசேஷமானவை. அரைப்புள்ளி வந்தால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். செங்குத்துக் கோடு, ‘அண்ட்’ குறி, டாலர் குறியோடு வரும் அடைப்புக்குறி ஆகியவற்றுக்கும் அப்படித் தனித்தனி அர்த்தம் உண்டு.

மளிகைச் சீட்டில் ‘ஒரு கிலோ துவரம்பருப்பு’ என்ற வரிக்குக் கீழே ‘கல்லாப் பணத்தையும் எடுத்துக் கொடு’ என்று யாரோ எழுதிவிட, கடைப் பையன் கேள்வி கேட்காமல் இரண்டையும் கொடுத்தனுப்புவது போன்றது இது. முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் ‘இந்த இடத்திலிருந்து இந்த நிரலை இறக்கி ஓட்டு’ என்ற கட்டளையும் வந்தால், ஷெல் முதலில் பிங் செய்யும். அடுத்து அந்த நிரலை இறக்கி ஓட்டும். பெரும்பாலான சிறு பெட்டிகளில் அட்மின் பக்கம் ‘ரூட்’ அதிகாரத்தோடு ஓடுவதால், எதிரிக்கும் அதே முழு அதிகாரம் கிடைத்துவிடும். அதற்கு மேல் அவன் டிஎன்எஸ் முகவரியை மாற்றி உங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பலாம். உள் வலையில் உள்ள கணினிகளைத் துழாவலாம். உங்கள் இணைப்பை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வேறொருவரைத் தாக்கலாம்.

2018 ஏப்ரல் இறுதியில் ஜிபான் ஃபைபர் ரவுட்டர்களில் வெளியான பிழைகள் இதற்கு அச்சு அசலான உதாரணம். தாசான் நிறுவனத்தின் பெட்டிகள் அவை. முதல் பிழை, முகவரியின் கடைசியில் ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. இரண்டாவது பிழை இருந்தது சரியாக அந்தப் பிங் கட்டத்தில். இரண்டையும் சேர்த்தால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தப் பெட்டியை ஆளலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஆபத்தில் இருக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் மதிப்பிட்டார்கள். கைப்பற்றிய பெட்டிகளைப் படையாகத் திரட்டித் தாக்கும் பல பாட்நெட் கும்பல்கள், மே மாதத்திலேயே அந்தப் பெட்டிகளுக்காகப் போட்டி போட்டன.

பிங் கட்டம் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில் ஓட்டை இருந்தது, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று குறிக்கும் மதிப்பில். ஸைக்ஸெல் நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டிகளில் 2020-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இருந்தது, லாகின் பக்கத்தின் யூசர்நேம் கட்டத்திலேயே. 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேர் இணையமின்றித் தவித்தார்கள். அந்தத் தாக்குதலில் கட்டளை ஒளிந்து வந்தது, நேரம் காட்டும் சர்வரின் பெயரை எழுதும் இடத்தில். இணைய நிறுவனம் தூரத்திலிருந்து ரவுட்டரைப் பராமரிக்க வைத்திருந்த 7547-ஆம் போர்ட் வழியாக அது வந்தது. டெலிகாமின் ரவுட்டர்களில் அந்தக் கட்டளை ஓடவில்லை. ஆனால் வந்து குவிந்த கோரிக்கைகளைத் தாங்காமலேயே அவை முடங்கின. தாக்குதல் தோற்றபோதே இத்தனை பேருக்கு இணைப்பு போயிற்று என்றால், வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேனே’ என்பவர்களுக்கு

கடினமான பாஸ்வேர்ட் கட்டாயம் தேவை. ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மேலே சொன்ன ஜிபான், டிபி-லிங்க், ஸைக்ஸெல் பிழைகளில் எதற்குமே சரியான பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை. பாஸ்வேர்ட் சரியா என்று பார்க்கும் நிரலிலேயே ஓட்டை இருந்தால், பாஸ்வேர்டின் நீளம் எதைக் காப்பாற்றும்?

‘அட்மின் பக்கம் உள் வலையில் மட்டும்தான் திறக்கும்’ என்பதும் முழுக் காவல் இல்லை. 2016 டிசம்பரில் நெட்கியர் ஆர்7000, ஆர்6400 உள்ளிட்ட ரவுட்டர்களில் ஒரு பிழை வெளியானது. அவற்றின் வலை முகவரியோடு ஓர் அரைப்புள்ளியையும் கட்டளையையும் சேர்த்தாலே போதும், அது ஓடிவிடும். எதிரி உங்கள் வீட்டு வலைக்குள் வர வேண்டியதுகூட இல்லை. ஏதோ ஒரு வலைத்தளத்தில் அவன் ஒளித்து வைத்த இணைப்பை நீங்கள் திறந்தால், உங்கள் பிரௌசரே அந்தக் கட்டளையை உங்கள் ரவுட்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் செர்ட் மையம் அப்போது சொன்ன யோசனை, திருத்தம் வரும் வரை அந்த ரவுட்டர்களைப் பயன்படுத்துவதையே நிறுத்துங்கள் என்பது. பிழையைக் கண்டவர் அதை ஆகஸ்டிலேயே நிறுவனத்துக்குத் தெரிவித்திருந்தார். டிசம்பரில் அது பொதுவெளிக்கு வந்தபோதும் திருத்தம் தயாராக இல்லை.

விலை உயர்ந்த பெட்டிகளும் தப்பவில்லை

‘அதெல்லாம் மலிவு விலை ரவுட்டர்களின் பிரச்சினை, நாங்கள் லட்சக்கணக்கில் கொடுத்து ஃபயர்வால் வாங்கியிருக்கிறோம்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள், அடுத்து வரும் நிகழ்வுகளைக் கவனமாகப் படியுங்கள்.

2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் வலை இடைமுகத்தில் இரண்டு பிழைகள் கைகோத்தன. ஒன்று, உச்ச அதிகாரம் உள்ள புதிய கணக்கை எதிரியே உருவாக்கிக்கொள்ள வழி விட்டது. மற்றது, கட்டளையைச் செருகி ரூட் அதிகாரம் வரை ஏற்றிவிட்டது. சிஸ்கோ முதல் திருத்தத்தை வெளியிடுவதற்குள் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான ரவுட்டர்களிலும் ஸ்விட்சுகளிலும் ரகசிய நிரல் நடப்பட்டுவிட்டது. அத்தனை பெட்டிகளுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவற்றின் வலை இடைமுகம் இணையத்தை நோக்கித் திறந்திருந்தது.

2024 ஜனவரியில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் பெட்டிகளில் அதே கதை. லாகினைத் தாண்டிப் போக ஒரு பிழை, கட்டளையைச் செருக இன்னொரு பிழை. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, மத்திய அரசு அலுவலகங்கள் அந்தப் பெட்டிகளை பிப்ரவரி 2-ஆம் தேதிக்குள் வலையிலிருந்தே துண்டிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த சிசாவின் இரண்டு கணினி அமைப்புகளே இவான்டி பிழைகள் வழியாகத் தாக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டன என்ற செய்தி அடுத்த மார்ச் மாதம் வெளிவந்தது. நாட்டுக்கே எச்சரிக்கை விடுக்கிற அமைப்புக்கு அந்த நிலை என்றால், இரண்டு பேர் கொண்ட ஐ.டி. பிரிவோடு ஓடுகிற ஒரு நிறுவனம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

அதே 2024-இல் பாலோ ஆல்டோ ஃபயர்வால்கள் இரண்டு முறை அடிவாங்கின. ஏப்ரலில் வெளியான கமாண்ட் இன்ஜெக்‌ஷன் பிழைக்கு ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. நவம்பரில் அட்மின் இடைமுகத்திலேயே லாகினைத் தாண்டும் பிழையும் கட்டளைச் செருகல் பிழையும் ஜோடியாக வந்தன. அந்த இடைமுகத்தை நம்பகமான உள் முகவரிகளுக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது.

நாமே நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களிலும்

நெட்வொர்க் படிக்கும் மாணவர்களும் சிறு நிறுவன அட்மின்களும் விரும்பி நிறுவுகிற திறமூல மென்பொருள்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வலைக் கண்காணிப்புக்கு உதவும் கேக்டியில் 2022 டிசம்பரில் வெளியான பிழை, லாகின் இல்லாமலே கட்டளை ஓட்ட விட்டது. பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலோடு சேர்த்துப் பயன்படும் பிஎஃப்பிளாக்கர்என்ஜி தொகுப்பின் பழைய பதிப்பில், பிரௌசர் தானாக அனுப்பும் ‘ஹோஸ்ட்’ தலைப்பு வழியாகவே கட்டளை உள்ளே போனது. பயனர் கையால் நிரப்பும் கட்டங்களை மட்டும் சோதித்தால் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

விளம்பரத் தடுப்புக்குப் பெயர்பெற்ற பை-ஹோலில் 2020-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிழை இன்னும் பெரிய பாடம். ஒரு கருவியின் மேக் முகவரியை எழுதும் இடத்தில் ஓட்டை. மென்பொருள் அந்த உள்ளீட்டை முழுக்கப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். லினக்ஸ் கட்டளைகளோ சிறிய எழுத்தில் இருப்பவை. எனவே அங்கே எதுவும் ஓடாது என்றுதான் தோன்றும். ஆனால் ஷெல்லில் ஏற்கெனவே இருக்கும் மாறிகளின் மதிப்பிலிருந்து தேவையான சிறிய எழுத்துகளை வெட்டி எடுத்து, கட்டளையை எழுத்துக்கூட்டிக் கட்டமுடியும் என்று ஆய்வாளர் நிரூபித்தார். அதற்கு லாகின் தேவைப்பட்டது உண்மை. ஆனால் சில எழுத்துகளைத் தடுத்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

லினக்ஸ் சர்வர்களை பிரௌசரில் நிர்வகிக்க உதவும் வெப்மினில் நடந்தது பிழைகூட அல்ல, சதி. 2018 ஏப்ரலில் அதன் பதிப்புகளைத் தொகுக்கும் சர்வருக்குள் யாரோ புகுந்து, பாஸ்வேர்ட் மாற்றும் பக்கத்தில் கட்டளை ஓட்டும் வழியைச் செருகிவிட்டார்கள். கிட்ஹப்பில் இருந்த மூல நிரல் சுத்தமாக இருந்தது. மக்கள் இறக்கிக்கொண்ட தொகுப்பில்தான் நஞ்சு இருந்தது. 2019 ஆகஸ்டில் வெளிச்சத்துக்கு வரும் வரை ஓராண்டுக்கு மேல் அது அப்படியே விநியோகமாகிக்கொண்டிருந்தது.

திருத்தம் வந்தும் தீராத ஆபத்து

திருத்தம் வெளியானால் ஆபத்து நீங்கிவிடாது. சொல்லப்போனால் அன்றுதான் ஓட்டம் தொடங்குகிறது. திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தால், எந்த இடத்தில் பிழை இருந்தது என்று எதிரிக்கும் தெரிந்துவிடும். டிபி-லிங்க் பிழை 2022 டிசம்பரில் டொரண்டோவில் நடந்த போன்2ஓன் ஹேக்கிங் போட்டியில் காட்டப்பட்டது. 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏப்ரலில் மிராய் பாட்நெட் அதே பிழையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. நம்மில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் ரவுட்டரின் ஃபர்ம்வேரை அப்டேட் செய்கிறோம்?

சில சமயம் திருத்தமே அரைகுறையாக வரும். 2019-இல் சிஸ்கோவின் ஆர்வி320, ஆர்வி325 ரவுட்டர்களில் கமாண்ட் இன்ஜெக்‌ஷனோடு, உள்ளமைப்புத் தகவலை லாகின் இல்லாமல் கசியவிடும் பிழையும் இருந்தது. நிறுவனம் கொடுத்த முதல் திருத்தத்தைச் சோதித்த ஜெர்மன் ஆய்வாளர்கள், அது ‘கர்ல்’ என்ற கருவியின் பெயரோடு வரும் கோரிக்கைகளைத் தடுக்கிறது என்று கண்டார்கள். கருவியின் பெயரை மாற்றிச் சொல்ல ஒரு வினாடி போதும். ஓட்டை அப்படியே இருந்தது.

சில பெட்டிகளுக்குத் திருத்தம் வரவே வராது. 2024 ஏப்ரலில் டி-லிங்க் நிறுவனத்தின் பழைய சேமிப்புப் பெட்டிகளில், நிரலோடு பதிந்துபோன ரகசியக் கணக்கும் கமாண்ட் இன்ஜெக்‌ஷனும் சேர்ந்து வெளிப்பட்டன. 92,000 பெட்டிகள் இணையத்தில் திறந்து கிடப்பதாகக் கண்டவர் கணக்கிட்டார். நிறுவனத்தின் பதில், இவற்றுக்கான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, கழற்றிவிட்டுப் புதியது வாங்குங்கள் என்பதே. பெட்டி ஓடுகிறதே என்று வைத்திருந்தவர்கள், ஓட்டையையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இன்றே செய்யுங்கள்

முதலாவது, சோதனை. மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்கள் அலுவலகத்தின் பொது ஐபி முகவரியை பிரௌசரில் தட்டுங்கள். 8080, 8443 போன்ற போர்ட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால், உங்களுக்குத் தெரிவது போலவே எதிரிக்கும் தெரிகிறது. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவதால், வீட்டு இணைப்பில் பக்கம் வராமல் போகலாம். ஸ்டாட்டிக் ஐபி வாங்கியிருக்கும் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை கட்டாயம்.

இரண்டாவது, ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ அல்லது ‘வேன் ஆக்சஸ்’ என்ற அமைப்பை அணையுங்கள். வெளியிலிருந்து நிர்வகித்தே தீர வேண்டுமானால், முதலில் விபிஎன் வழியாக உள்ளே வந்து, பிறகு அட்மின் பக்கத்தைத் திறக்கும்படி அமையுங்கள். அந்த விபிஎன் பெட்டியையும் தவறாமல் அப்டேட் செய்யுங்கள். அலுவலகத்தில் அட்மின் பக்கங்களுக்குத் தனி விலான் (பிரித்து வைத்த உள் வலை) ஒதுக்கி, குறிப்பிட்ட கணினிகள் மட்டும் எட்டும்படி செய்யுங்கள். சிசா 2023 ஜூனில் பிறப்பித்த உத்தரவு, இப்படி வெளியே தெரியும் அட்மின் இடைமுகங்களை 14 நாட்களுக்குள் அகற்ற வேண்டும் அல்லது கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்க அரசு அலுவலகங்களுக்குக் கெடு வைத்தது. நமக்கு யாரும் கெடு வைக்க மாட்டார்கள். நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஃபர்ம்வேர். பெட்டியின் மாடலையும் பதிப்பையும் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ அப்டேட் இருந்தால் போட்டுவையுங்கள். ஆதரவு முடிந்த பெட்டியை மாற்றுங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியில் உங்களுக்கு அந்த உரிமை இல்லையென்றால், அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின் வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்யுங்கள். லாகினில் இருந்தபடியே வேறு தளங்களில் உலாவாதீர்கள்.

ஐந்தாவது, சந்தேகம் வந்தால் ரீஸ்டார்ட் செய்ததோடு விட்டுவிடாதீர்கள். நினைவகத்தில் மட்டும் வாழும் நிரல் அதில் அழியலாம். ஆனால் ஓட்டை இருக்கும் வரை அது திரும்பி வரும். வெளி இணைப்பைத் துண்டித்து, ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிய ஃபர்ம்வேர் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றி, டிஎன்எஸ் முகவரி சரியா என்று பார்த்த பிறகே மறுபடி இணையுங்கள். அலுவலகமாக இருந்தால் பதிவுகளை முதலில் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவு. இலங்கையில் உள்ளவர்கள் இலங்கை செர்ட் அமைப்பை அணுகலாம்.

நிரல் எழுதுபவர்களிடம் ஒரு வார்த்தை

2024 ஜூலையில் சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கை, சாதாரணப் பயனரைப் பார்த்துப் பேசவில்லை. மென்பொருள் நிறுவனங்களின் தலைமையைப் பார்த்துப் பேசியது. இந்த வகைப் பிழை முற்றிலும் தடுக்கக்கூடியது என்பதே அதன் சாரம். அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பிங் செய்ய ஷெல்லே தேவையில்லை. நிரலின் பெயரையும் அதற்குக் கொடுக்கும் மதிப்பையும் தனித்தனியாக இயங்குதளத்திடம் கொடுக்கும் வழி பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளியாகவே நிற்கும். கட்டத்தில் வர வேண்டியது ஐபி முகவரி என்றால், ஐபி முகவரியின் வடிவத்தில் இல்லாத எதையும் ஏற்காதீர்கள். கெட்ட எழுத்துகளின் பட்டியல் போட்டுத் தடுக்கப் பார்க்காதீர்கள். பை-ஹோலில் நடந்ததை மறந்துவிட வேண்டாம். சோதனையை பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டோடு நிறுத்திவிடாதீர்கள், சர்வர் பக்கத்தில் செய்யுங்கள். அட்மின் பக்கத்தை ரூட் அதிகாரத்தில் ஓட்டாதீர்கள். மாணவர்கள் செய்யும் புராஜெக்ட்டிலேயே இந்தப் பழக்கம் தொடங்கினால்தான், நாளை அவர்கள் எழுதும் ஃபர்ம்வேரில் அது நிற்கும்.

நெட்வொர்க் வேலையைப் பொறுப்பேற்றிருக்கும் ஒவ்வொருவரிடமும் வேண்டிக் கேட்கிறேன். இன்று வேலை முடிந்து கிளம்புவதற்கு முன் அந்த மொபைல் சோதனையைச் செய்துவிடுங்கள். லாகின் பக்கம் வெளியே தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அதை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.